சாரா பீவியும் சீமைச் சவரக்கத்தியும்

திண்டிவனத்தில் செஞ்சி ரோட்டில் என் ஜெராக்ஸ் கடைக்கு அடுத்த கடை சாரா பீவியுடையது. பழைய சாமான் கடை. காயலாங்கடை என்று நினைத்துக்கொண்டு யாராவது நியூஸ் பேப்பரையும் உடைந்த குடத்தையும் தூக்கிக்கொண்டு வந்தால் அவளுக்குக் கெட்ட கோபம் வரும். வீட்டை இடித்துக் கட்டுகிறவர்களிடம் தேக்குத் தூண், பித்தளை அண்டா, சுவர்க் கடிகாரம், நிலைக்கண்ணாடி என்று வாங்கி, புதுச்சேரியில் வெள்ளைக்காரர்கள் வந்து போகிற கடைகளுக்கு அனுப்புவது அவள் தொழில். பிறந்த ஊர் கோட்டக்குப்பம். என்னை விட இளையவள். விருத்தாசலம் அண்ணே என்று வாய் நிறையக் கூப்பிடுவாள். கூப்பிட்ட கையோடு, நான் கொடுத்த சில்லறையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பாள்.

இருபது வருஷப் பழக்கத்தில் அவள் யாரையாவது நம்பி நான் பார்த்ததில்லை. பித்தளை என்று சொன்னால் காந்தம் வைப்பாள். தேக்கு என்று சொன்னால் பின்பக்கம் சுரண்டி மோந்து பார்ப்பாள். புருஷன் ஜகபர் சாதிக் குவைத்திலிருந்து வீடியோ காலில் வந்தால், போனைச் சுற்றிக் காட்டச் சொல்லி ரூமைப் பார்த்த பிறகுதான் சாப்பிட்டாயா என்று கேட்பாள். பாவம் அந்த மனுஷன். ஆனால் இதற்கெல்லாம் ஆரம்பம் அவர்தான். கடையை முதலில் வைத்தது அவர். விழுப்புரத்தில் ஒருவன் முன்னூறு வருஷத்து விளக்கு என்று ஒன்றைத் தலையில் கட்டினான். புளித்தண்ணீரில் ஊறப்போட்டு, எருக்குழியில் புதைத்து எடுத்த புது விளக்கு அது. ஜகபர் சாதிக் தலையில் கையை வைத்துக்கொண்டு மறுபடியும் குவைத்துக்கே போய்விட்டார். கடை இவள் கைக்கு வந்தது. அவர் ஏமாந்ததற்கு இவள் இன்னும் உலகத்தைப் பழிவாங்கிக்கொண்டிருக்கிறாள் என்பது என் கட்சி.

இன்னொன்றும் நடந்தது. கடை கைக்கு வந்த புதிதில் அவள் வாங்கிய ஒரு பித்தளை மணி எங்கோ திருடியது என்று தெரிந்து, போலீஸ் ஸ்டேஷனில் பகல் முழுக்க உட்கார வைத்துவிட்டார்கள். தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தேன் என்று சொல்லும்போது இன்றைக்கும் அவள் குரல் இறங்கிவிடும். அதற்குப் பிறகு எந்தச் சாமான் வந்தாலும் அது நல்லதா, பழையதா என்பதெல்லாம் அப்புறம். யார் வீட்டிலிருந்து வந்தது என்பதுதான் முதலில்.

போன ஐப்பசியில், மழை பிடிப்பதற்கு முன்னால், மயிலம் பக்கத்து மிராசுக் குடும்பத்துச் சீனுவாசன் திண்டிவனத்தில் இருந்த தன் பழைய வீட்டை இடிக்கத் தொடங்கினார். தூண்களையும் கதவுகளையும் பீவிக்கே பேசி முடித்தார். பாதி வந்து இறங்கியது, பாதி அங்கேயே கிடந்தது. அப்போது ஒரு நாள் கடையில் நின்று, “எங்க தாத்தாவோட சீமைச் சவரக்கத்தி ஒண்ணு இருந்துச்சு, காணோம். ஊட்ல ஆளுங்க வந்து போறாங்க, எவ கை வெச்சாளோ. உங்கிட்ட வந்தா ஒரு போன் போடும்மா” என்று சொல்லிவிட்டுப் போனார். நானும் அப்போது அங்கேதான் இருந்தேன்.

அதற்கடுத்த வாரம் பிரபாவதி வந்தாள்.

பிரபாவதியை எனக்குத் தெரியும். காலனிப் பெண். அப்பா பெயர் பூமாலை, கொத்தனாருக்குக் கையாளாக இருந்து இறந்துபோனவர். அம்மா அஞ்சம்மாள் சீனுவாசன் இப்போது குடியிருக்கிற வீட்டில்தான் பாத்திரம் தேய்த்து, மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தாள். பிரபாவதி போலீஸ் கான்ஸ்டபிள் வேலைக்கு என் கடையில்தான் விண்ணப்பம் போட்டாள். பரீட்சை எழுதி, விழுப்புரம் மைதானத்தில் ஓடி, நீளம் தாண்டி, எல்லாவற்றிலும் தேறிவிட்டாள். இனி மிச்சம் போலீஸ் விசாரணை ஒன்றுதான். ஆள் மேல் கேஸ் எதுவும் இருக்கக் கூடாது. இருந்தால், பிறகு விடுதலையே ஆனாலும் வேலை கிடைப்பது கஷ்டம். இது திண்டிவனத்தில் குழந்தைக்குக்கூடத் தெரியும்.

அவள் பையிலிருந்து ஒரு துணிப் பொட்டலத்தை எடுத்துப் பீவியின் மேஜை மேல் வைத்துப் பிரித்தாள். மடக்குச் சவரக்கத்தி. கறுப்புப் பிடி. அலகில் அங்கங்கே துரு.

“இது எத்தினி வருஷத்துதுன்னு பாத்துச் சொல்ல முடியுமா பீவிம்மா? விக்க இல்ல. எங்கப்பா சாவுற வரிக்கும் சொல்லிக்கினே இருப்பாரு. அவரோட தாத்தா பெரியசாமி, வெள்ளக்காரன் காலத்துல, மொத ஒலகச் சண்டையப்போ, ஈராக்ல பஸ்ரா சண்டைக்கு மூட்ட தூக்கப் போனாராம். அங்க ஒரு தொர குடுத்ததாம். எல்லாரும் சிரிப்பாங்க. டிரெயினிங் போறதுக்கு முன்னாடி மெய்யா பொய்யான்னு தெரிஞ்சிக்கினு போலாம்னு.”

பீவி கத்தியைத் தொடவில்லை. பெண்ணின் முகத்தைப் பார்த்தாள், கத்தியைப் பார்த்தாள், மறுபடியும் முகத்தைப் பார்த்தாள். பிறகு தேனொழுக, “நேரமாவும்மா. அண்ணன் கடைல போயி ஒக்காரு, கூப்புடுறேன்” என்றாள்.

பிரபாவதி என் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். நடுவில் இருப்பது தகரத் தடுப்பு. பீவி எவ்வளவு தணிந்து பேசினாலும் என் காதுக்கு வந்துவிடும். “சீனுவாசன் சாருங்களா? ஒரு சவரக்கத்தி வந்து கீது. ஆமா, ஒங்க ஊட்டு வேலக்காரம்மா பொண்ணுதான். ஜல்தியா வாங்க.” ஜெராக்ஸ் மிஷின் ஓடிக்கொண்டிருந்ததால் பெண்ணுக்குக் கேட்கவில்லை. தடுப்பை ஒட்டி நின்ற எனக்கு எல்லாம் கேட்டது.

சீனுவாசன் காரில் வந்தார். சும்மா வரவில்லை. பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த அஞ்சம்மாளையும் அப்படியே ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். முந்தானையில் ஈரம்கூடக் காயவில்லை. ஏன் எதற்கென்று தெரியாமல் அவள் இறங்கி நின்றாள்.

மேஜை மேல் கிடந்த கத்தியை எட்டிப் பார்த்தவுடனே சீனுவாசன், “இதான். இதேதான். எங்க தாத்தா முப்பத்தாறாம் வருஷம் லண்டன் போனப்போ கடைல புதுசா வாங்கியாந்தது” என்றார். பிறகு அஞ்சம்மாள் பக்கம் திரும்பி, “சோறு போட்ட ஊட்லயே கை வெச்சிட்ட இல்ல? ஸ்டேஷனுக்குப் போலாம் வா. உம் பொண்ணு அங்கதான வேலைக்குப் போவப் போறா, முன்னாடியே போயி ஒக்காரட்டும்” என்றார்.

பிரபாவதி ஓடி வந்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் அஞ்சம்மாள் அவர் காலில் விழப் போனாள். பெண் இழுத்து நிறுத்தினாள். டீக்கடை ஆட்கள் நான்கைந்து பேர் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். எனக்கு ஆத்திரமாக வந்தது. யார் மேல் என்றுதான் சொல்லத் தெரியவில்லை.

பீவி சீனுவாசனுக்கு நாற்காலி எடுத்துப் போட்டாள். அவர் உட்கார்ந்து, கத்திக்குக் கையை நீட்டினார். அப்போதுதான் அவள் முகம் மாறியது. அந்த முகம் எனக்குத் தெரியும். யாராவது ஒரு பொருளை அவசரமாகக் கேட்டால் அவளுக்கு அந்த முகம் வரும்.

“இருங்க சார். இன்னா அவசரம்? வயசு பாத்துடறேன்” என்றாள்.

“நாந்தான் சொல்றேனே, முப்பத்தாறு.”

“நீங்க சொல்றீங்க. கத்தி இன்னும் சொல்லல.”

கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பூதக்கண்ணாடியை எடுத்தாள். துணியில் எண்ணெய் தொட்டு, அலகு பிடிக்குள் நுழைகிற கழுத்துப் பகுதியைத் துடைத்தாள். சவரக்கத்திக்கு ஜாதகம் அங்கேதான் இருக்கும் என்பாள். கம்பெனி பெயர் தேய்ந்து போயிருந்தது. கத்திக்குப் பேர்போன ஷெஃபீல்டு என்கிற ஊர்ப் பெயர் பாதி தெரிந்தது. அதற்குக் கீழே இங்கிலாந்து என்று ஆங்கிலத்தில் ஒற்றை வார்த்தை.

“வெறும் இங்கிலாந்துன்னு போட்டிருக்கான். இங்கிலாந்தில் செய்ததுன்னு போடல. நாட்டுப் பேரே இல்லன்னா ரொம்பப் பழசு. வெறும் பேரு மட்டும் இருந்தா அதுக்கு அடுத்த காலம். செய்ததுன்னு சேத்துப் போட்டா பெரும்பாலும் மொத ஒலகச் சண்டைக்கு அப்பறம். முப்பத்தாறுல கடைல புதுசா வாங்குனதுல அந்த வார்த்த இல்லாம இருக்குமா? இருக்கலாம். ஆனா எனக்கு இடிக்குது.”

அலகைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தாள். இரண்டு பக்கமும் குழிவாகச் சாணை பிடித்த அலகு. ரொம்ப ஆதிகாலத்துக் கத்தியாக இருந்தால் ஆப்பு மாதிரி தட்டையாக இருக்கும், அதனால் ரொம்ப ஆதிகாலமும் இல்லை என்றாள். பிறகு பிடியைக் கட்டைவிரலால் சூடு வரும்வரை தேய்த்தாள். மூக்கருகே கொண்டுபோனாள். என்னிடமும் நீட்டினாள். மெல்லிய கற்பூர வாசனை.

“கொம்பு இல்ல. அந்தக் காலத்துல கற்பூரம் போட்டுச் செஞ்ச செல்லுலாய்டு. பொம்ம, சீப்பெல்லாம் பண்ணுவாங்களே, அது. எல்லாம் சேத்துப் பாத்தா நூறு வருஷம் தாண்டிடுச்சு. நூத்திப் பத்து, நூத்தி இருவது அந்தக் கணக்கு.”

பிரபாவதியின் கண் மலர்ந்தது. சீனுவாசன் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. “அப்ப எங்க கொள்ளுத்தாத்தாவுது. அவருதான் தாத்தாவுக்குக் குடுத்திருப்பாரு” என்றார்.

“இப்பதான லண்டன்ல புதுசா வாங்குனதுன்னீங்க?”

“எனக்கு இன்னா தெரியும், பெரியவங்க சொன்னது.”

அவர் சொன்னதிலும் தப்பில்லை. கத்தி எப்போது செய்தது என்றுதான் வயசு சொல்லும். யார் வீட்டுப் பரணில் கிடந்தது என்று சொல்லாது. பஸ்ராவில் கிடைத்திருந்தாலும் நூறு வருஷம்தான், மிராசு வீட்டில் கிடந்திருந்தாலும் நூறு வருஷம்தான். பீவிக்கும் அது தெரியும். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு, ஊசியை எடுத்துப் பிடியின் ஆணியைச் சுற்றி அடைந்திருந்த அழுக்கை நோண்டத் தொடங்கினாள்.

வந்த அழுக்கு சிவப்பாக இருந்தது. அவள் வெள்ளைத் தாளில் தட்டினாள். ஒரு படை சிவப்பு, அதற்கடியில் ஒரு படை மஞ்சள், மறுபடியும் சிவப்பு. மோந்து பார்த்தாள்.

“குங்குமம். சந்தனம். வருஷா வருஷம் வெச்சது, ஒண்ணு மேல ஒண்ணு காஞ்சி கெடக்குது” என்றாள்.

சீனுவாசன் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். “பாத்தியா! ஆயுத பூஜ! எங்க ஊட்ல இரும்பு சாமான் ஒண்ணு பாக்கியில்லாம கழுவிப் பொட்டு வெப்போம். ஊருக்கே தெரியும். இதுக்கு மேல இன்னா அத்தாட்சி வேணும்?”

டீக்கடை ஆட்களில் ஒருவர் ஆமாம் என்று தலையாட்டினார். பிரபாவதியைப் பார்த்தேன். பெண் வெளுத்துப் போயிருந்தாள். அவள் வீட்டில் இந்தக் கத்தி டிரங்குப் பெட்டிக்குள் துணியில் சுற்றித்தான் கிடந்திருக்கிறது. அவள் பார்க்க யாரும் பொட்டு வைத்ததில்லை. அவ்வளவுதான், வேலை போயிற்று என்று நான் முடிவே செய்துவிட்டேன்.

பீவி மட்டும் ஊசியைக் கீழே வைக்கவில்லை. “பூஜைல இத எங்க வெப்பீங்க சார்?” என்று சாதாரணமாகக் கேட்டாள்.

“எங்கன்னா? பூஜ ரூம்லதான். மயிலம் முருகர் படத்துக்குக் கீழ.”

“சவரக்கத்திய?”

“ஆமா. ஏன்?”

“ஒண்ணுமில்ல. எத்தினியோ பெரிய ஊட்ல சாமான் எடுத்திருக்கேன். சவரக்கத்தி கெடைக்கிற எடம் மாட்டுக் கொட்டா, இல்லன்னா கெணத்தடி மாடம். ஊட்டுக்குள்ள வெச்சிப் பாத்ததே இல்ல. சாமி ரூம்ல வெச்சிருந்தாங்கன்னு இன்னிக்குத்தான் கேக்குறேன்.”

அது வரைக்கும் தலையைக் குனிந்துகொண்டிருந்த அஞ்சம்மாள் நிமிர்ந்தாள். கும்பிட்ட கையை இறக்கவில்லை. கும்பிட்டபடியேதான் பேசினாள்.

“அய்யா, போன வெள்ளிக்கெழம கடையில முடி வெட்டிக்கினு வந்தீங்க. முன்வாச வழியா வரல. பின்னாடி சுத்திக்கினு வந்து, தலைக்கு ஊத்திக்கினு, துணிய அங்கியே போட்டுட்டுத்தான் உள்ள போனீங்க. வெந்நீ வெச்சது நானு. அந்தத் துணியத் தோச்சதும் நானு. பூஜைக்கு எடுத்து வெக்கிற அருவா, கடப்பார, டிராக்டர் சாவி, பெரியம்மாவோட தையல் மிஷினு எல்லாத்தையும் பதினஞ்சு வருஷமா கழுவிக் குடுக்கிறேன். சவரக்கத்திய நான் கழுவுனதில்ல. ஒங்க ஊட்டுச் சாமி ரூம்ல சவரக்கத்தி இருந்துச்சுன்னு இவங்க எல்லாரும் கேக்க இன்னொரு தபா சொல்லுங்க. நான் ஸ்டேஷனுக்கு வர்றேன்.”

டீக்கடைப் பக்கம் ஒருவன் சிரித்துவிட்டான். சீனுவாசன் அந்தப் பக்கம் பார்த்தார். அவருடைய சொந்தக்காரர் ஒருவரும் அந்தக் கூட்டத்தில் நின்றிருந்தார். சொன்னதைத் திரும்பச் சொன்னால் சாயங்காலத்துக்குள் மயிலம் வரை போய்ச் சேர்ந்துவிடும். முடி வெட்டிக்கொண்டு வந்தால் குளிக்காமல் உள்ளே நுழையாத வீடு, சவரக்கத்தியைச் சாமிக்குக் கீழே வைத்துக் கும்பிட்டது என்று.

“அப்ப இது யாரு வெச்ச குங்குமம்? அதச் சொல்லு மொதல்ல” என்றார் கடைசியாக.

அஞ்சம்மாள் பெண்ணைப் பார்த்தாள். சொல்வதற்கு அவளுக்கு மனசே இல்லை என்பது எல்லாருக்கும் தெரிந்தது.

“எங்க ஊட்டுக் குங்குமம்தான். பஸ்ராவுலேந்து வந்த மனுசன் இத வெச்சிக்கினு காலனி ஆம்பளைங்களுக்கெல்லாம் சவரம் பண்ணாரு. ஊர்ல சவரம் பண்றவங்கள எங்க பக்கம் வரவுடமாட்டாங்க. வந்தா அவங்க பொழப்பு போயிடும். கண்ணாலத்துக்கும் சாவுக்கும் எங்க ஆளுங்க தாடியோட நிக்கணும். அதுக்கோசரம் அவரே கத்துக்கினாரு. அவருக்கப்பறம் எங்க மாமனாரு. நான் கட்டிக்கினு வந்த வருசங்கூட எங்க மாமியாரு இதுக்குப் பொட்டு வெச்சி, பொரி வெச்சிப் படைச்சாங்க. சோறு போட்ட பொருளுக்குத்தான் பொட்டு வெப்பாங்க அய்யா. மூஞ்சிய வழிச்சிக்கிற கத்திக்கு யாரு வெப்பா?”

பிரபாவதி அம்மாவை வெறித்துப் பார்த்தாள். “இத ஏம்மா எங்கிட்ட சொல்லல?”

“ஒங்கப்பா சொல்லக் கூடாதுன்னுச்சு. பள்ளிக்கூடத்துல ஒங்கப்பாவ அம்பட்டன் மவன்னு நம்ம பசங்களே கூப்புட்டுக் கேலி பண்ணாங்களாம். ஒன்னயும் கூப்புடுவாங்கன்னு. தொர குடுத்த கதைய மட்டும் சொல்லுன்னுச்சு.”

“இன்னும் இன்னா இன்னா மறச்சி வெச்சிருக்கீங்க?” என்றாள் பெண். எனக்கு அந்த இடத்தில் இருக்கவே கூச்சமாக இருந்தது. திருடவில்லை என்று காட்டுவதற்கு ஒரு குடும்பம் இத்தனை பேருக்கு நடுவில் இவ்வளவையும் அவிழ்த்துக் காட்ட வேண்டியிருந்தது.

சீனுவாசன் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. “எனக்கெதுக்கு இந்தப் பேஜாரு. எங்க தாத்தா கத்தி வேற எங்கியோ கெடக்கும்” என்று சொல்லிக்கொண்டே காரில் ஏறினார். ஏறிய பிறகு பீவியைப் பார்த்து, “மிச்சத் தூண வேற ஆளுக்குக் குடுத்துக்கிறேன்” என்றார். கார் போனது. கூட்டமும் கலைந்தது. மறுநாள் காலையில் அந்த வீட்டுக்குப் பாத்திரம் தேய்க்கப் போக முடியாது என்பது அஞ்சம்மாளுக்கு அப்போதே தெரிந்திருக்கும்.

பீவி கத்தியைத் துடைத்து, மடக்கி, அதே துணியில் சுற்றிப் பிரபாவதியிடம் நீட்டினாள்.

“நூறு தாண்டிடுச்சும்மா. பஸ்ரா சண்டக் காலத்துக் கத்திதான். தொர குடுத்தானா, வேற எப்பிடி வந்துச்சான்னு என்னால சொல்ல முடியாது.”

பெண் வாங்கிக்கொள்ளவில்லை. “அவருக்குப் போன் பண்ணது யாரு பீவிம்மா?” என்றாள்.

நான் தாள் அடுக்குவதுபோல் குனிந்துகொண்டேன். பீவி பொய் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை.

“நாந்தான்.”

“எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கலியே. யாரு ஊட்டுதுன்னு கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்.”

“கேட்டாலும் நம்பியிருக்க மாட்டேன். நீ காலனிப் பொண்ணு, கைல சீமக் கத்தி. பாத்த ஒடனே திருட்டுன்னு முடிவு பண்ணிட்டேன்” என்றாள் பீவி. ஒளிக்காமல் சொன்னாள். கண் கலங்கியிருந்தது. ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்த அந்தப் பகலைச் சொல்லும்போது வருகிற குரல் வந்தது. “என்ன ஒரு நாள் ஸ்டேஷன்ல ஒக்கார வெச்சாங்கம்மா. அந்தப் பயம்.”

“என்ன ஒக்கார வெச்சிருந்தா?”

பீவி சீனுவாசன் உட்கார்ந்திருந்த நாற்காலியைக் காலால் ஓரமாகத் தள்ளினாள்.

“அவரும் வெறும் வாயாலதான் சொன்னாரு, என்னுதுன்னு. அவருக்கு நாற்காலி போட்டீங்க” என்றாள் பிரபாவதி. குரலை உயர்த்தவே இல்லை. கத்தியை வாங்கிப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள். படி இறங்கியவள் திரும்பி நின்றாள்.

“வேலைல சேந்துட்டு என்னிக்காவது யூனிஃபார்ம்ல இந்தப் பக்கம் வருவேன் பீவிம்மா. கடைல கீற ஒவ்வொண்ணையும் யாரு ஊட்டுதுன்னு கேப்பேனோன்னு பயப்படாதீங்க. கேக்க மாட்டேன். சந்தேகத்தோட கேட்டா எப்பிடி இருக்கும்னு எனக்குத் தெரியும்.”

அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தாள். பீவி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். வாடிக்கையாளர் ஒருவர் வந்து கடிகாரம் ஒன்றைக் காட்டி விலை கேட்டார். அவள் காதில் விழவில்லை.